பதினாலாவது பாட்டு

— முடியாதுன்னா முடியாது தம்பி. அந்தப் பதினாலாவது பாட்ட எடுத்துருங்க.

— என்னம்மா இப்ப வந்து சொல்றீக? எழுத்துக் கோத்த ஃபாரம் அச்சு மெஷின்ல ஏறியாச்சு. வெள்ளிக்கிழமை தர்கா கந்தூரி விழாவுல புத்தகம் வெளியிடணும். ஒங்க சின்ன மகன் புரூஃப் பாத்துக் கையெழுத்தே போட்டுட்டாரு.

— அவனுக்கு என்ன தெரியும்? பாடினது எம் புருசன். நான் சொல்றேன், எடுங்க.

— பாருங்கம்மா, பக்கீர் மைதீன் ராவுத்தர் பாடினதுல இதான் உசந்த பாட்டு. கள்ளுன்னு வருதேன்னு பயப்படுறீகளா? அது ஆண்டவன் மேல வச்ச பிரியம். கடைக்காரர்னா குருநாதர். அச்சடிக்கிற இந்தத் துளசிராமுக்கே தெரியுது, ஊருக்குத் தெரியாதா?

— அல்லாவே! நாப்பது வருசம் அவுகளோட குடும்பம் நடத்துனவளுக்கு நீங்க அர்த்தம் சொல்றீகளாக்கும்?

— தப்பாவா சொன்னேன்?

— சரியாத்தான் சொன்னீக. ஆனா கேளுங்க தம்பி. முரீதா, சீடனா வந்தவன ஒரு வருசம் பக்கத்துல வச்சு, ஓத வச்சு, பசியப் பழக்கி, அப்புறந்தான் அந்தப் பாட்ட அவன் காதுல விழவிடுவாக. மதுவிலக்கு இருந்த காலத்துல கள்ளுன்னா பயலுகளுக்கு வாசமே தெரியாது. அந்தத் தைரியத்துல, வயசான பெறகு தர்கா வாசல்லயே ஒக்காந்து பாட ஆரம்பிச்சாக. அங்கதான் பெசகிப்போச்சு.

— அப்ப அடியில அர்த்தம் போட்டுருவோம். ஒரே வரி.

— நேராச் சொல்ல முடியும்னா அவுகளே சொல்லியிருக்கமாட்டாகளா? பச்சப்புள்ள பால் குடிச்சிட்டு மடியில அசந்து தூங்குது. அந்தச் சொகத்த ஒரு வரியில எழுதி வெளங்க வச்சிருவீகளா நீங்க?

— மாட்டேன். அதனாலதான் எடுக்கவும் மாட்டேங்குறேன். பாருங்கம்மா, எழுபத்தொண்ணுல மதுவிலக்க எடுத்துட்டுக் கள்ளுக்கடையத் தொறந்தாங்கள்ல, மொத ஆளாப் போயி நின்னவன் நான். ஒரு நா சாயங்காலம் தள்ளாடிக்கிட்டு தர்கா வழியா வாரேன். 'விடிஞ்சாலும் தெளியாத கள்ளு குடு'ன்னு ராவுத்தர் பாடிக்கிட்டிருக்காரு. சுருக்குன்னுச்சு. நம்ம குடிக்கிறது விடிஞ்சாத் தெளிஞ்சுபோகுதே, இந்தக் கருமத்துக்கா பொண்டாட்டி புள்ளைய அம்புட்டு அழவச்சோம்னு. அன்னைக்கு விட்டதும்மா.

— இதே பாட்டா?

— இதே பாட்டுதான். ஏம்மா, எதுக்கு அழுகுறீக?

— எம் மூத்தவன் காஜாவும் அதே வாசல்லதான் தம்பி கேட்டான். 'அத்தா பாடுறதத்தானே நான் குடிக்கிறேன்'னு சொல்லிச் சொல்லியே குடிச்சான். மூணே வருசம். ஈரல் கெட்டுப் போய்ச் சேந்துட்டான்.

— அய்யோ... தெரியாமப் பேசிட்டேம்மா. இருங்க, மெஷின நிறுத்தி ஃபாரத்த அவுத்துர்றேன்.

— வேணாம், அவுக்காதீக. நீங்க ஒருத்தராச்சும் பொழச்சிருக்கீக. அவன அடக்கிட்டு வந்த அன்னைக்கே, பாட்டு நோட்ட அடுப்புல போடுன்னு அவுக சொன்னாக. எனக்குத்தான் கை வரல.