கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ

மோட்டார் சைக்கிளில் முன்விளக்கு ஆடினால் எல்லோரும் பல்பைத்தான் திட்டுவார்கள். பல்பு பாவம், ஐயா. விளக்குக் கூட்டை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கென்று குட்டையான ஸ்க்ரூ உண்டு. நீளமானதைப் போட்டாலும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் முனை கூட்டுக்குள் நீட்டிக்கொண்டு போய் ஒயரை நசுக்கும். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எவனுக்கும் இது தெரியும்.

என் தங்கச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா போனபிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது நான். எனக்குக் கல்யாணம், காட்சி எதுவும் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கச் சம்மதித்த ஒருவனைத் தேடிப் பிடித்து அவளுக்குக் கட்டிவைத்தேன். தங்கமான பையன். என் சட்டையையும் சேர்த்துத் தேய்த்து வைப்பான். வெளியூரில் வேலை கிடைக்கும்வரை அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

“இனிமேலாவது வெந்நீர் வைக்கக் கத்துக்கோ அண்ணா,” என்று தங்கச்சி சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வீட்டில் தனியாக ஒருவேளை சாப்பிடுவதைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது, ஐயா. கோபமெல்லாம் இல்லை.

அன்று மாலை மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“மச்சான், உங்க தங்கச்சி முன்னாடி நான் தலையாட்டுற மாதிரியே ஆட்டுது இந்த லைட்டு. கொஞ்சம் பாத்துடுங்களேன்.”

இருவரும் சிரித்தோம். ஒரு ஸ்க்ரூ விழுந்துவிட்டிருந்தது, இன்னொன்று விழுவதற்குத் தயாராக இருந்தது. சரியான ஸ்க்ரூ டப்பாவில் மேலாகவே கிடந்தது. நான் நீளமானதை எடுத்தேன். முடுக்கியபிறகு கைப்பிடியை முழுக்க ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. நேராக்கினேன், எரிந்தது. வேலையில் எனக்கு அரைகுறை பிடிக்காது.

வழியில் விளக்கு அணையும், திரும்பி வந்துவிடுவார்கள், இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். மலைப்பாதையில் போகச் சொன்னது, கூட்டம் இருக்காது என்பதால். விடிவதற்கு முன்னால் கிளம்பச் சொன்னது, வெயில் ஏறிவிடும் என்பதால். தங்கச்சியைப் பஸ்ஸில் வரும்படி சொல்லத்தான் செய்தேன். “நீ ஒண்ணு, அவர தனியா விட்டா பாதி வழியில தூங்கிடுவார்,” என்றாள். இன்னொரு முறை சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

மாப்பிள்ளை வளைவிலேயே போய்விட்டான். இவளுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை.

நொறுங்கிய வண்டியை என் பட்டறையில்தான் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் சோதிக்க வருவதற்கு முன்னால் சரியான ஸ்க்ரூவை மாட்டிவைத்தேன். கொஞ்சம் அழுக்கும் பூசினேன். தூங்கி விழுந்துதான் வண்டியை மலையில் விட்டுவிட்டான் என்று ஊரே பேசியது. அவனைப் பெற்றவளும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அது நடிப்பில்லை.

அதன்பிறகு தங்கச்சிக்கு எல்லாம் நான்தான். வெந்நீர் வைக்கிறேன், தலை வாரிவிடுகிறேன், பால் ஊட்டுகிறேன். ராத்திரி அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது. இப்படியே போயிருக்கும்.

முந்தாநாள் திடீரென்று சொன்னாள். “அவர் தூங்கல அண்ணா. பேசிக்கிட்டேதான் வந்தார். திரும்பும்போது லைட்டு அணைஞ்சுபோச்சு.”

“அடிபட்ட மயக்கத்துல அப்படித் தோணுதும்மா,” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் வளர்ந்த பெண், எதையும் விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான்தான் செய்தேன். அவளும் பின்னால் உட்கார்ந்து போவாள் என்று தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டிப் போவதற்கு முன் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன். இரண்டு நாளாக என்னைக் கண்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தால் குடிக்கிறாளாம். சின்ன வயதிலிருந்தே அவள் கோபம் அப்படித்தான், தானாகத் தணிந்துவிடும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.