வாசலில் கைகோத்து நின்றோம்

ஓட்டின் மேல் கல் விழுகிறது. முதலில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"வெளிய வாடி எஸ்தரு! எங்க வூட்டு ஆம்பள உன் முன்னால கைகட்டினு நிக்கணுமா?"

எங்களோடு உள்ளே இருந்த பெருமாளின் அண்ணன் குரல். எஸ்தர் நான்தான். காலனிக்காரி. நடவு, களை, கூலி. எண்பதுகளின் தொடக்கம். மாசி மாதம். உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர்.

முந்தின வருடம் எங்கள் காலனிப் பிணம் ஒன்றைக் கோயில் தெரு வழியே விடவில்லை. அடிதடி. சண்டை விலக்கத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் வேண்டும் என்று செங்கல்பட்டிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஊர்க் கடைசியில் ஓட்டுக் கொட்டகை. அங்கே பயிற்சி. அவர் பாடம் நடத்தவில்லை. ஆள் மாற்றி நடிக்க வைத்தார்.

அன்று காலை நான் நிலக்காரி. நிலக்காரர் வீட்டுப் பெருமாள் கூலியாள். பம்புசெட்டில் கைகட்டி நின்று தண்ணீர் கேட்டார்.

"தூர நில்லுடா," என்றேன். எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தெனம் இப்டித்தான் நடக்குதா உங்களுக்கு?"

ஜன்னலில் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது கூட்டம். தடி. கடப்பாரை. டீச்சர் கத்துகிறார். "கை கோத்துக்குங்க!" அதையும் பழகியிருந்தோம். வாசலில் வரிசையாக நிற்கிறோம். என் கை பெருமாள் கையில். அதுவரை அந்த வீட்டார் யாரும் என்னைத் தொட்டதில்லை.

"அண்ணே, என்னைத் தாண்டிப் போ!"

அண்ணனின் தடி பெருமாள் முகத்தில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். அவர் என் கையை விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டே விழுந்தார்.

கூட்டம் பின்வாங்கியது. ஜெயித்தோம் என்று நினைத்தேன். அவர்கள் காலனிப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"நெருப்பு! நெருப்பு!"

ஓடினேன். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. கீற்று படபடவென்று வெடிக்கிறது. கிட்டப் போக முடியவில்லை. உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

யாரையும் மன்னித்ததாக என்னை எழுதச் சொல்லாதீர்கள்.

போனவை இவை. பதினொரு குடிசைகள். இரண்டு ஆடுகள். என் மாமனார் சின்னப்பன். பெருமாளின் இடது கண். அடித்தது யார் என்று போலீசில் அவரே சொன்னார். அதோடு அவருக்கு வீடும் போயிற்று.