கடையில் இல்லாத எல்போ

நான் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே பேசுகிற ஆளை யார்தான் சகித்துக்கொள்வார்கள்? அதனால் உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கட்டடங்களை வடிவமைக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சுவர், தூண், மாடிப்படி எல்லாம் மற்றவர்கள் பாடு. தண்ணீர் போகிற வழி மட்டும் என்னுடையது. இப்போதெல்லாம் யாரும் அளவுகோல் வைத்துக் கோடு போடுவதில்லை. கணினியிலேயே முழுக் கட்டடத்தையும் கட்டிவிடுகிறோம். ஒரு குழாயை இழுத்து இன்னொன்றோடு சேர்த்தால், சேரும் இடத்தில் மென்பொருளே ஒரு வளைவுத் துண்டை எடுத்து மாட்டிக்கொள்ளும். கடையில் அதை எல்போ என்பார்கள். கணினிக்கு அந்த எல்போவைச் செய்து கொடுப்பது என் பொறுப்பு.

நாங்கள் போடுகிற பிளாஸ்டிக் வெந்நீர்க் குழாய்க்குக் கடையில் இரண்டே இரண்டு எல்போதான். தொண்ணூறு டிகிரி ஒன்று, நாற்பத்தைந்து டிகிரி ஒன்று. வேறு கோணத்தில் குழாயை இழுத்தால், இணைக்க முடியவில்லை என்று திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து நிற்கும். உத்தரத்தைச் சுற்றினால் ஒரு பெட்டி, மின்கம்பித் தட்டைத் தாண்டினால் இன்னொரு பெட்டி. எங்கள் மேலாளருக்கு மஞ்சள் என்றாலே ஆகாமல் போய்விட்டது.

"யாராவது இந்தச் சனியனைத் தொலைச்சுக் கட்டுங்கப்பா. பாக்கறவங்க நமக்கு வேலையே தெரியலைன்னு நெனைக்கப் போறாங்க" என்றார்.

நான் தொலைத்துக் கட்டினேன். கோணம் மாறுகிற எல்போ ஒன்றைச் செய்தேன். எப்படியென்று சொல்லட்டுமா? நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து இரண்டு கோடுகள். ஒன்று அசையாது, மற்றது கதவு மாதிரி திரும்பும். இடையிலுள்ள கோணத்துக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டு முனைகளிலும் குழாய் நுழைகிற வாய்களை அந்தப் பெயரோடு கட்டிவிட வேண்டும். கோணம் மாறினால் துண்டின் நீளமும் மாற வேண்டும் என்பதால், பாதிக் கோணத்தை வைத்து ஒரு சூத்திரம் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே படித்த முக்கோணக் கணக்கு எனக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். கடைசியாக, கடையில் கிடைக்கும் கோணங்களை மட்டும் ஏற்றுக்கொள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அந்த வரியை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. எழுதினேன், சோதித்தேன், மஞ்சள் பெட்டி மறுபடி வந்தது. வரியை அழித்தேன். அதன்பிறகு எந்தக் கோணத்தில் இழுத்தாலும் குழாய் சொன்ன பேச்சைக் கேட்டது. மேலாளர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், நோயிலிருந்து உடம்பு தேறுகிறவர்கள் தங்கும் இல்லம் ஒன்றின் வேலை எங்களுக்கு வந்தது. குழாய் வேலைக்கு ஆள் தேடினார்கள். என் தங்கையின் கணவர் குழாய் வேலைக்காரர். சுத்தமான வேலை. ஒரு மூட்டு ஒழுகினால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நான்தான் அவரைச் சிபாரிசு செய்தேன். தங்கைக்கு நிலைகொள்ளவில்லை.

"அண்ணன் படம் போட, இவர் குழாய் போட, நாளைக்கு நாமளே ஒரு கம்பெனி வெச்சுடலாம்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை நடக்கும் இடத்தில் காகிதம் கிடையாது. அவர்கள் கையில் வரைபடத்தைக் காட்டுகிற ஒரு டேப்லெட் இருக்கும். இங்கே நான் எதை மாற்றினாலும் அங்கே அது மாறிவிடும். ஒரு நாள் மாப்பிள்ளை அங்கிருந்து போன் செய்தார்.

"மச்சான், குளியலறைக்கு மேல உத்தரத்துக்கிட்ட ஒரு எல்போ காட்டியிருக்கீங்களே, அது தொண்ணூறும் இல்ல, நாப்பத்தஞ்சும் இல்ல. நடுவுல ஏதோ ஒண்ணு. இது எந்தக் கடையில கெடைக்கும்?"

நான் திரையில் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். குழாயின் பாதையை மாற்ற வேண்டும். மாற்றினால் அந்தப் பக்கத்துக் கூரைக்குள் பாதியைக் கலைத்துப் போட வேண்டும். ஏன் என்று மேலாளர் கேட்பார். அப்போது என் எல்போவின் அழகு வெளியே வந்துவிடும்.

"குழாயையே லேசா சூடு காட்டி வளைச்சுக்கங்க மாப்பிள்ளை. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"வெந்நீர்க் குழாயாச்சே மச்சான். சூடு காட்டினா அந்த எடத்துல மெலிஞ்சுடுமே."

"நான் சொல்றேன்ல."

சரி என்று போனை வைத்தார். வீட்டுக்குப் பெரியவன் சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர். வளைத்தார். தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள், தாங்கியது. கூரையை மூடினார்கள். திறப்பு விழாவில் நானும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் தங்கை வீட்டில் இன்னும் மாட்டியிருக்கிறது.

குளிர்காலத்தில் அந்தக் குழாய் வெடித்தது. அங்கே ஒரு பணிப்பெண் இருந்தார். உடம்பு முடியாதவர்கள் காத்திருக்கக் கூடாது என்று, அவர்களை அழைத்து வருவதற்கு முன்பே குளியலறைக்குப் போய் வாளிகளை நிரப்பி வைக்கிற பழக்கம் அவருக்கு. கூரைப் பலகையோடு வெந்நீர் அவர் மேல் இறங்கியது. சில நாள் உயிரோடு இருந்தார். அவர் பெயரை நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருக்கவே பார்த்துக்கொண்டேன்.

செய்தி வந்த காலையில் அலுவலகம் முழுக்க அங்கே ஓடியது. வயிற்றுவலி என்று நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். எல்போவின் கோப்பைத் திறந்தேன். அழித்த அந்த வரியைத் திரும்ப எழுதினேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன்: கடையில் இல்லாத கோணம் வந்தால், இரண்டு நாற்பத்தைந்து எல்போக்களைத் தேவையான அளவு திருகி, நடுவில் ஒரு குட்டைக் குழாயோடு காட்டு. வேலை தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு துண்டின் மூலக் கோப்பை மாற்றிவிட்டால், கட்டடத்தில் அது எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியதில்லை. குளியலறைக்கு மேலே ஓர் எல்போ இருந்த இடத்தில் இரண்டு வந்து உட்கார்ந்தன. டேப்லெட்டிலும் உட்கார்ந்தன. வரைபடங்களின் பழைய பிரதிகளைக் கழிப்பது என்னுடைய வழக்கமான வேலைதான். அந்த மாதம் சற்று முன்கூட்டியே கழித்தேன்.

விசாரணையில் டேப்லெட்டை மேசைமேல் வைத்தார்கள். இரண்டு எல்போ தெளிவாகத் தெரிந்தது. வெட்டி எடுத்து வந்த குழாயில் ஒன்றுகூட இல்லை. நெருப்பில் காட்டி வளைத்த தழும்புதான் இருந்தது. மாப்பிள்ளை டேப்லெட்டைக் கையில் வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் பாத்தப்போ ஒண்ணுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், வரவில்லை.

"நல்லாப் பாருங்க மாப்பிள்ளை. ஆரம்பத்துலேருந்து ரெண்டுதான்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவரை அவமானப்படுத்துகிற மாதிரி எதுவும் பேசவில்லை.

அவர் மறுபடி பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் என்னை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். போன் விஷயத்தைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"சூடு காட்டச் சொன்னது நீங்கன்னு நான் சொல்லல மச்சான். சொல்லவும் மாட்டேன். ரெண்டு எல்போ இருக்கறதைப் பாக்காம, ஒண்ணு இருக்குன்னு தப்பாச் சொல்லி உங்களைக் கேட்டவன் நான். நீங்க நான் சொன்னதை நம்பித்தானே பதில் சொன்னீங்க? உங்களையும் இதுல இழுத்துவிடப் பாத்தேன். மன்னிச்சுக்கங்க."

மன்னித்தேன். வேறு என்ன செய்வது? பரவாயில்லை, விடுங்க என்று தோளில் கைபோட்டேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காது மடலில் தொடங்கி உள்ளங்கால்வரை எரிந்தது. இப்போதும், சாப்பிட உட்கார்ந்தால், குளிக்கப் போனால், எரிகிறது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்படத் தெரியாதவன் இல்லை நான்.

அவர் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த காலத்தில் தங்கை வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்கள் பெண்ணின் படிப்பை நான் பார்த்துக்கொண்டேன். "அண்ணன் மட்டும் இல்லைன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்று தங்கை என் மனைவியிடம் சொல்லி அழுதாளாம். அதை என் மனைவி பெருமையாக வந்து சொன்னபோது, எழுந்து போனது நான்.

திரும்பி வந்த பிறகு மாப்பிள்ளை குழாயைத் தொடவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பது ஒரு பக்கம். கூப்பிட்டவர்களுக்கும் அவர் போகவில்லை. "என் கண்ணை நம்பி நான் இனிமே எதையும் செய்ய முடியாது மச்சான்" என்றார். கண் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். மருத்துவர் எழுத்துகளைக் காட்டினார். மாப்பிள்ளை கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர்.

மாப்பிள்ளையின் முகம் மாறியது. கண் சரியென்றால் அப்புறம் என்ன என்று அவர் யோசிக்கத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் களைப்பா இருந்தா மட்டும் தடுமாறுமோ என்னவோ டாக்டர். லேசா ஒண்ணு எழுதிக் குடுங்களேன், அவருக்கும் ஒரு தைரியமா இருக்கும்" என்றேன். மருத்துவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக் கொடுத்தார். அது கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. சட்டம் மட்டும் நல்லதாக நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது அவர் குழாய்ச் சாமான் கடை ஒன்றில் இருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எதிர்சாரியில் நின்று பார்த்தேன். ஒருவர் எல்போ கேட்டார். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அதில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வாங்க வந்தவரிடம் நீட்டினார்.

"நாப்பத்தஞ்சுன்னுதான் எனக்குத் தெரியுது. எதுக்கும் நீங்க ஒரு தடவ பாத்துடுங்க."

முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தடவியே கோணம் சொல்கிற கை அது.

நான் தெருவைக் கடக்கவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்த மனிதருக்கு இப்போதுதான் அது பழகியிருக்கிறது. கொஞ்ச நாள் போகட்டும் என்று பார்க்கிறேன்.