தங்கமணியின் ஏட்டுக்குப் புள்ளி போட்டவன்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ரோஜாப்பூ வரைகிறவர்களை எனக்கு அடியோடு பிடிக்காது. இதைச் சொல்லித்தான் நான் ஆரம்பிக்க வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் ரெங்கசாமி. பத்தாங் பெர்ஜுந்தைக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவில் இருக்கிற இந்தச் செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, யார் வேலைக்குப் போகலாம் யார் லயத்து வீட்டில் படுத்திருக்கலாம் என்று சொல்வது எல்லாம் நான்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு நான் சீட்டு எழுத வேண்டும். சீட்டு இல்லாமல் தோட்டத்து வேன் யாரையும் ஏற்றாது. தானாகப் பஸ் பிடித்துப் போனால் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டதாக ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி எழுதிவிடுவார். மூன்று முறை எழுதினால் லயத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். நான் காட்டுகிற ஆளைப் பார்ப்பார், தேநீர் குடிப்பார், போய்விடுவார்.

விசாரணைக்கு வந்திருக்கிற நீங்கள் அந்த வேலையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதை நான் ஒழுங்காகவே செய்தேன். ஆனால் மனமாரச் செய்த வேலை வேறு. சுங்கை சோவில் இருக்கும் தனபாலன், வட சிலாங்கூர் தோட்டங்களின் இளைஞர் மன்றங்களை ஒன்றுசேர்த்து எண்பத்து நான்காம் வருஷம் 'தனி ஏடு' என்று ஒரு போட்டி வைத்தார். ஒரே ஆள் தன் கையாலே எழுதி, படம் போட்டு, நூல் கோத்துத் தைத்து, மாதம் ஒரு இதழாகப் பன்னிரண்டு இதழ் வெளியிட வேண்டும். கதை கட்டக் கூடாது. தன் வாழ்க்கையைத்தான் எழுத வேண்டும். அச்சும் இல்லை, இரண்டாவது பிரதியும் இல்லை. இதழ் முதலில் நடுவரான என்னிடம் வரும். நான் புள்ளி போட்ட பிறகு காக்கித் தாளில் சுற்றித் தோட்டம் தோட்டமாகப் போய், கடைசிப் பக்கத்தில் வாசகர் கருத்துகளோடு எழுதியவரிடமே திரும்பும். அமைப்புக்கு ஐம்பது புள்ளி, எழுத்துக்கு ஐம்பது.

நடுவராக என்னை ஏன் போட்டார்கள் என்றால், நான் யாருக்கும் பயந்து புள்ளி போடுகிறவன் இல்லை. வாரப் பத்திரிகைகளில் அப்போதே என்னுடைய எட்டுக் கட்டுரைகள் வந்திருந்தன.

முதல் மாதம் பதினேழு ஏடுகள் வந்தன. கலும்பாங்கிலிருந்து வந்ததில் சூரியனுக்கு மீசை வைத்திருந்தார்கள். பத்தாங் காலிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு நிறத்தில் எழுதியிருந்தார், படித்து முடிப்பதற்குள் எனக்குக் கண் வலி வந்துவிட்டது. எல்லாரும் முன்னுரையில் பிழை பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். பொறுப்பதற்கா என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்? மனசே விட்டுப்போயிற்று.

எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. தங்கமணியுடையது. இருபத்து மூன்று வயது, முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி மருந்து அடிக்கும் கேங்கில் வேலை. தாய் தகப்பன் இல்லை, அண்ணன் செல்லனோடு மூன்றாம் லயத்தில் இருந்தாள். அவளும் ரோஜாதான் வரைந்திருந்தாள், பனித்துளியோடு. முப்பத்தொரு புள்ளி போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "இந்தப் பூவை நீ எங்கே பார்த்தாய்? பார்த்ததை எழுது."

மார்ச் மாதத்து இதழில் படமே இல்லை. நீல பால்பாயிண்ட், இரண்டு பக்கமும் அகலமான ஓரம், வரிக்கு வரி நல்ல இடைவெளி. நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: "பம்பு கசிகிறது. முதலில் முதுகு குளிரும். பத்து மணிக்கு மேல் குளிர் தெரியாது. தெரியாமல் போனதும்தான் எனக்குப் பயம் வரும்."

பதினெட்டு வருஷமாக நான் முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு வரி போல ஒரு முதுகும் எனக்குச் சொன்னதில்லை. இதழை மூடிவிட்டு, மறுபடி திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சந்தோஷம் என்றால் அதுதான். எழுபத்து நான்கு புள்ளி போட்டேன்.

அந்த வாரமே என் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஊதா மருந்து தடவினேன். தடவிக்கொண்டே, மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி தேவையில்லை என்று சொன்னேன்.

"சரிங்கய்யா, எடுத்துடறேன்," என்றாள். பிறகு, "சீட்டு ஒண்ணு எழுதித் தரீங்களாங்கய்யா? பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன்."

"பார்ப்போம்மா. அடுத்த இதழ் வரட்டும்."

ஏப்ரலில் நகங்களைப் பற்றி எழுதினாள். வெளுத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று வந்ததைப் பற்றி. மே மாதம் மூக்கிலிருந்து ரத்தம் வந்ததை எழுதினாள், அதுவும் அழுகை இல்லாமல், ஒரு வார்த்தை கூட்டாமல். களைக்கொல்லி அடிக்கிறவர்களுக்கு நகம் வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே அந்த வேலையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. என் அலமாரியில் இரண்டாம் கோப்பில் இருக்கிறது. தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஜூனில் அவளுடைய பம்பு உடைந்துபோனது. புதுப் பம்பு வருகிறவரை கேங்கை மேய்க்கிற மண்டோர் பாலகிருஷ்ணன் அவளை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார். இரண்டு மாதம். புண் ஆறியது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது, லயத்துப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். ஏடு நாசமாகப் போயிற்று. ஜூன் இதழில் மயில். ஜூலை இதழில் நட்பைப் பற்றி ஆறு பக்கம். உடம்பு தேறிவிட்டது, எல்லாம் அம்மன் கருணை என்று முடித்திருந்தாள். முப்பத்தெட்டுக்கு மேல் போட எனக்குக் கை வரவில்லை. உண்மையாகவே துக்கமாக இருந்தது.

புதுப் பம்பு வந்ததும் பாலகிருஷ்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இந்தப் புள்ளைய பழம் பொறுக்கவே விட்டுடலாம் லா. மறுபடி மருந்துக்கு அனுப்பினா தாங்காது. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா கிராணி ஒத்துக்குவாரு."

அவள் தன் கையில் வளர்ந்திருந்த புது நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: உடல்நலம் நன்று, மருந்து அடிக்கத் தகுதி உண்டு.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். நான் கோபத்தில் செய்யவில்லை. அவள்மேல் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, தவறாக ஒரு சொல் பேசியதும் கிடையாது. முதல் பரிசு வாங்குகிறவருக்கு ரவாங்கில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை வாங்கித் தருவதாகத் தனபாலன் சொல்லியிருந்தார். பம்பை இறக்கிவைக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. அதற்குப் பன்னிரண்டு இதழும் வேண்டும், நல்ல இதழாகவும் வேண்டும். பழம் பொறுக்கிக்கொண்டு மயில் வரைந்தால் பரிசு கிடைக்குமா? நான் அவளுக்கு வழிதான் விட்டேன். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றைக்கும் அதில் பாதி சரி என்றே தோன்றுகிறது.

ஆகஸ்டு இதழுக்கு எண்பத்தொன்று. செப்டம்பருக்கு எண்பத்தாறு. படி ஏறினால் மூச்சு நிற்கிறது என்பதை அவள் எழுதிய விதத்தில், வரிகளே சின்னதாகிக்கொண்டு வந்தன. அதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அவளால் அதற்குமேல் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. ஆனாலும் பக்கத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சுற்றிப் போய் வந்த இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள், நாகமணி என்று ஒரு டீச்சர், கலும்பாங்கில் ஒரு தையல்காரர், எல்லாரும் கண் கலங்கியதாக எழுதியிருந்தார்கள். டீச்சர் மட்டும், "இந்தப் பெண்ணை யாராவது டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டிருந்தார். அது இலக்கியக் கருத்து இல்லை என்பதால் நான் பதில் எழுதவில்லை.

டாக்டர் வந்த நாட்களையும் கேட்டீர்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் அவள் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறையும், மத்தியானம் வா என்று திருப்பி அனுப்பினேன். டாக்டர் பதினொரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் பார்த்திருந்தால் அன்றைக்கே வேனில் ஏற்றியிருப்பார். ஏடு பத்தோடு நின்றிருக்கும்.

டிசம்பர் இதழைச் செல்லன் கொண்டுவந்தான். வாசலிலேயே நின்றான்.

"தங்கச்சி எந்திரிக்கவே இல்லீங்கய்யா. மூச்சு இழுக்குது. இத ஒங்க கையில குடுக்கச் சொன்னுச்சு. நீங்க படிச்சா சீட்டு குடுப்பீங்கன்னு சொல்லுச்சு."

"வைத்துவிட்டுப் போ," என்றேன். இதழை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் வந்தான். புள்ளி இன்னும் போட்டு முடிக்கவில்லை என்றேன். அதுவும் பொய் இல்லை.

பன்னிரண்டாம் இதழில் எழுத்து இருந்தது ஒரே பக்கத்தில்தான், அதிலும் நட்டநடுவில். "ஐயா, இதுக்குப் புள்ளி வேண்டாம். சீட்டு போதும்." மற்ற பக்கங்கள் வெறுமையாக இருந்தன, ஆனால் எல்லாவற்றுக்கும் ஓரக் கோடு போட்டு, நேராகத் தைத்திருந்தாள்.

சீட்டுப் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பேனாவும் கையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், நான் மறக்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் வேன் வந்திருக்கும். ஆனால் சீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வரி வெறும் விண்ணப்பமாகிப் போயிருக்கும். ஓர் ஆண்டு முழுக்க நான் கூடவே இருந்து வளர்த்த ஏடு, கடைசிப் பக்கத்தில் தோட்டத்துக் கடுதாசியாக முடிந்திருக்கும். அதனால் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் இறந்துபோனாள். நான்தான் காரணம். இதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

நான் இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது போட்டேன், இதுவரை யாருக்கும் போட்டதில்லை. அமைப்பில் இரண்டே இரண்டு புள்ளிதான் குறைத்தேன். வெற்றுப் பக்கங்களில் ஒன்றில் மூக்கு ரத்தம் சொட்டியிருந்தது. அதையும் நான் மன்னித்திருப்பேன், அவள் துடைக்க முயன்றிராவிட்டால்.