மூடிக்குள் எழுதிய நூறு

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் அந்தக் கணினியை வாங்கி ஏழெட்டு வருடமாவது ஆகியிருக்கும். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதன் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது. சுற்றட்டும், அதில் தவறில்லை. நடுநடுவே தொண்டையைச் செருமுகிறது பாருங்கள், அதுதான் நல்லதற்கில்லை. நான் சொல்வதையெல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. கடையின் முன்பக்கம் அண்ணனுடையது. கண்ணாடி, விளக்கு, திறந்து வைத்த புது லேப்டாப்கள் எல்லாம் அங்கே. பின்னால் ஜன்னல் இல்லாத அறை என்னுடையது. செத்துப்போன டிஸ்கைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பேன். டிஸ்கின் உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கும் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் படாமல் பறந்துகொண்டே படிக்கும் முள் ஒன்று இருக்கும். முள் கெட்டுவிட்டால் அதே ரகத்து வேறு டிஸ்கிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டுவேன். தூசி புகாத பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. வேலை முடிந்ததும் மூடியின் உட்புற ஓரத்தில் மெல்லிய பேனாவால் தேதியும், நூற்றுக்கு எவ்வளவு படித்தேன் என்ற எண்ணும் எழுதிவிட்டுத்தான் மூடுவேன். பின்னால் இன்னொருவர் திறந்தால் அவருக்குத் தெரிய வேண்டுமே. யாரும் பார்க்காத இடத்தில்கூட ஒழுங்காக வேலை செய்கிறவள் நான் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு நிறையக் கருத்து உண்டு. யாரும் கேட்டதில்லை. பெட்டியின் மேல் ஒரு அளவு போட்டிருக்கும், கணினியில் மாட்டினால் அதைவிடக் குறைவாகக் காட்டும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள், மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிடுவார்கள், கேட்டால் மெலிதாக இருக்கிறது பாருங்கள் என்பார்கள். லேப்டாப் என்ன பட்டுத்துணியா, மெலிதாக இருந்து என்ன ஆகப்போகிறது. இப்போது உள்ளே எதுவும் சுற்றாத ரக டிஸ்க் வந்துவிட்டது. வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழையது சாகும் முன் நாலு நாள் முனகும், கரகரக்கும், நமக்கு அவகாசம் கொடுக்கும். இது சத்தமே இல்லாமல் ஒரு நொடியில் போய்விடும். பிறகு நான் என்ன, யார் வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. க்ளவுடில் இருக்கிறது என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதற்கு அது நாகரிகமான பெயர், அவ்வளவுதான்.

எந்த ரகமாக இருந்தாலும் இரண்டு நகல் வேண்டும். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. அண்ணன்கூடக் கேலி செய்வான்: "உன்கிட்ட டைம் என்னன்னு கேட்டாலும் பேக்கப் எடுத்தியான்னு கேப்பே."

யாரும் எடுக்க மாட்டார்கள். டிஸ்க் போன பிறகு வந்து நிற்பார்கள். கையில் பையைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக, எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "என்னுது இப்படிப் போகும்னு நான் நினைக்கவே இல்லைங்க." இருபத்திரண்டு வருடம் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும், அது பல்லைக் கூசவைக்கும்.

முதலில் ஒரு போட்டோகிராபர். மூன்று வருடத்தில் மூன்று முறை டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு முறை மீட்டுக் கொடுத்தேன். இரண்டு முறையும் "நீங்க தெய்வம்மா" என்றார், இரண்டு முறையும் நகல் எடுக்காமல் போனார். மூன்றாவது முறையும் எல்லாம் முழுசாகக் கிடைத்துவிட்டது. அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, நான் முன்கூட்டி யோசித்தேன் என்று சொல்ல முடியாது, "ஒண்ணும் மிஞ்சலை" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, முன்னால் போய், அண்ணனிடம் இரண்டு பேக்கப் டிஸ்க் வாங்கினார். இன்றுவரை வாரம் தவறாமல் நகல் எடுக்கிறார், நானே விசாரித்திருக்கிறேன்.

இரண்டு முறை கொடுத்துத் திருந்தாதவர் ஒரு முறை கொடுக்காததில் திருந்திவிட்டார். இதைக் கண்ணால் பார்த்த பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

எல்லோரிடமும் அப்படிச் செய்யவில்லை. சொல்லியும் கேட்காதவர்களிடம் மட்டும்தான். பத்து வருடத்தில் நாற்பத்தொரு பேர். மீட்டதில் எதையும் அழிக்கவில்லை, ஒவ்வொன்றையும் என்னிடம் பத்திரமாக வைத்திருந்தேன். அவர்களைவிட நான்தான் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. பேக்கப் டிஸ்க் நன்றாக விற்பது வாசலில் அவன் வைத்த போர்டால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். 'உங்கள் நினைவுகளுக்கு நாங்கள் காவல்' என்று ஒரு குழந்தை சிரிக்கிற படத்தோடு இருக்குமே, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தையல்காரம்மா நாற்பத்திரண்டாவது.

அவர் முதலில் வந்தது லேப்டாப்பின் மூடி ஆடுகிறது என்று. திருகு முடுக்கிக்கொண்டே உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மக குரல் இருக்கு டாக்டரம்மா," என்றார். என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பாடத்தை வாய்விட்டுப் படிச்சு ரெக்கார்டு பண்ணி வச்சுக் கேப்பா. அப்பதான் மண்டையில ஏறுமாம். காய்ச்சல்ல போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு."

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இல்லைம்மா. இதை நான் வேற எதுக்கும் தொடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டுக் கேட்டுட்டு மூடி வச்சிடுவேன். அது எப்படிக் கெடும்? வாரண்டி வேற இருக்குன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கு."

வாரண்டி. டிஸ்க் போனால் புது டிஸ்க் கொடுப்பார்கள், குரலையா கொடுப்பார்கள்? அதையும் சொன்னேன். கால் மணி நேரம் ஆகும், இப்போதே எடுத்துத் தருகிறேன், காசுகூட வேண்டாம் என்றேன். கொக்கி தைக்க வேண்டிய ரவிக்கை காத்திருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கால் மணி நேரம்தான் கேட்டேன். எனக்கு ஏற்பட்ட எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து வந்தார். லேப்டாப்பைப் பூப்போட்ட துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தார். மேசையில் வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு எழுத்து மாறாமல்.

முள் மாற்றினேன். பதினோரு மணி நேரம் படித்தது, நூற்றுக்கு நூறு. கடைசித் துண்டும் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் அந்த டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது. அப்படியானால் அந்தக் குரல் இனி என்னிடம் மட்டும்தான். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு பதிவைத் திறந்து கேட்டேன், அது வழக்கம். ஒரு பெண் வேதியியல் பாடத்தை வேகவேகமாகப் படிக்கிறாள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. சட்டென்று நிறுத்தி, "அம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன், ரெக்கார்டு ஆகுது இல்ல" என்கிறாள். மெஷின் நிற்கிறது. "இப்ப சொல்லு ராணி," என்று தூரத்திலிருந்து ஒரு குரல். "நீ போ அந்தப் பக்கம்" என்று இவள் சிரிக்கிறாள்.

மறுநாள் அவர் வந்தார். ஒன்றும் மிஞ்சவில்லை என்றேன். அழவில்லை. லேப்டாப் சுற்றி வந்த துணியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நான்காக மடித்தார். பிறகு பிரித்துவிட்டு மறுபடி மடித்தார்.

இவரிடம் மட்டும் என் திட்டம் பிசகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் பாடம் கற்ற பிறகு பத்திரப்படுத்த அவர்களுக்குப் புதிதாக ஏதாவது சேர்ந்துகொண்டே இருந்தது. இவருக்கு இனிமேல் சேர்வதற்கு எதுவும் இல்லை. அதற்காகத் திருப்பிக் கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பிறகு மற்ற நாற்பத்தொரு பேரும் வந்து நிற்பார்கள். கொடுக்காமல் இருந்தது கல்நெஞ்சத்தால் அல்ல, ஒரு ஒழுங்குக்காக.

மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார். அது அண்ணன் செய்த வேலை. "டெக்னாலஜி எங்கயோ போயிட்டிருக்கும்மா. இன்னிக்கு முடியாதது நாளைக்கு முடியும். டிஸ்கை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க," என்று சொல்லிவைத்திருந்தான். அவர் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். கதவோரம் நின்று, "புதுசா ஏதாவது வந்திருக்கா டாக்டரம்மா?" என்பார். இல்லை என்பேன். சரி என்று போய்விடுவார்.

ஒரு நாள் அண்ணனோடு சண்டை போட்டேன். பெற்றவளிடம் இப்படிப் பொய் நம்பிக்கை விற்கிறாயே, உனக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டேன்.

"அட போம்மா. நம்பிக்கையில என்ன நெசம், பொய்? நம்ம கடையில விக்கிற சரக்கே அதுதான்," என்றான்.

விளம்பரக்காரர்களின் புத்தி அப்படி. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பதிவுகளை நான் கேட்டேனா என்று கேட்டீர்கள். கேட்டேன். காலையில் கடை திறந்ததும், வேலை பார்த்துக்கொண்டே. மொத்தம் இருநூற்றுப் பதினாறு பதிவுகள். அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லில் தடுக்குவாள் என்று எனக்குத் தெரியும். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். மெஷினை நிறுத்தச் சொல்கிற இடம் வரும்போது நானும் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவேன். என் வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட ஆள் இல்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதை எழுத வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்த பழைய டிஸ்கின் இரைச்சல் அவள் குரலுக்குக் குறுக்கே வந்தது. அதனால் இந்த வருடத் தொடக்கத்தில் எல்லாவற்றையும், நாற்பத்திரண்டு பேருடையதையும், சுற்றாத ரக டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினேன். அண்ணன் கடைச் சரக்குதான், ஐந்து வருட வாரண்டி. பழையதில் இருந்ததைத் துடைத்துவிட்டு அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அறை அவ்வளவு நிசப்தமாகிவிட்டது. பதிவில் அவளுக்குப் பின்னால் தையல் மெஷினில் நூல் அறுந்து அவள் அம்மா உச்சுக்கொட்டுவதுகூடக் கேட்டது.

இதற்கிடையில் தையல்காரம்மா ஏதோ விளம்பரம் பார்த்திருக்கிறார். எப்படிப்பட்ட டிஸ்கையும் உயிர்ப்பிக்கும் புதிய முறை என்று இன்னொரு கடைக்காரர் போட்டிருந்தாராம். அங்கே கொண்டுபோயிருக்கிறார். அந்தக் கடைக்காரர் மூடியைத் திறந்திருக்கிறார். உட்புற ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி, பக்கத்தில் நூறு.

பழக்கதோஷம். ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லப்போகிற டிஸ்கிலும் நான் நூறு என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் பொய் எழுத எனக்குக் கை வராது.

போன சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். எப்போதும் கதவோரம் நிற்பவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். போனில் அந்த மூடியைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். "இது உங்க எழுத்துதானே?"

"ஆமா."

"நூறுன்னா முழுசும்னு அவர் சொன்னாரு."

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். "எதுக்கு இப்படிப் பண்ணீங்கன்னு நான் கேக்கல," என்றார். "எனக்குக் காப்பி போட்டுக்கூடக் கொடுக்க வேண்டாம். நீங்களே வச்சுக்கங்க. ஒரே ஒரு தடவை போடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு என் டிஸ்க் போய்விட்டது. காலையில், அவள் ஒரு சொல்லின் நடுவில் இருந்தாள். கரகரப்பு இல்லை, முனகல் இல்லை. பாதிச் சொல், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த அத்தனையும் செய்து பார்த்தேன். என்னைவிடத் தெரிந்தவர்களிடமும் அனுப்பினேன். திரும்பி வந்தபோது மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை என்று.

"என்கிட்ட இல்லைம்மா," என்றேன்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

கடை சாத்தும் வரை அந்த நாற்காலியைவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவர் கொடுத்த புகாரோடு நீங்கள் வந்தீர்கள். அறையைப் புரட்டினீர்கள், அலமாரியை உடைத்தீர்கள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்றுதான் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவருக்கும் அதே கேள்விதான். நான் இப்போது சொல்வது உண்மை என்பதை அவரிடம் நீங்களாவது சொல்லுங்கள். அன்றைக்குக் கால் மணி நேரம் அவர் பொறுத்திருந்தால் நாம் யாரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம், அதையும் சொல்லுங்கள்.

ஒன்றுதான் உங்களுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். ஊருக்கெல்லாம் இரண்டு நகல் என்று தொண்டை வற்றச் சொன்னவள், தன்னிடம் இருந்ததற்கு ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள் என்று.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது. என்னுடையது இப்படிப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.