மெல்பேர்ணில் மறந்த வசனம்

காலை ரயில் ஹவுகெட்டோ நிலையத்தை விட்டுக் கிளம்பியதும், எனக்கு எதிரே இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அக்கா, நான் வசனத்தை மறந்துபோய் நிண்டதைத்தான் நல்ல நடிப்பெண்டு எழுதியிருக்கினம்."

போன மாதம் மெல்பேர்ணில் ஒரு நாடகத்தில் நடித்துவிட்டு வந்தவள் என்பது பேச்சில் தெரிந்தது. அந்த ஊர்ப் பத்திரிகையின் விமர்சனத்தை அச்செடுத்து வைத்து, மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"பாராட்டினா வாங்கிக்கொள்ளன்," என்றாள் அக்கா.

"சிட்னியிலயும் நடிக்கக் கூப்பிடுகினம். அங்கையும் அப்பிடியே நிக்கச் சொன்னா? வேணுமெண்டு எப்பிடி மறக்கிறது?"

"அப்ப இயக்குநருக்கு உண்மையைச் சொல்லிப்போடு."

அவள் உடனே கைபேசியை எடுத்து, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு மறுமுனையில் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னவாம்?"

"அவருக்கு அண்டைக்கே தெரியுமாம். எழுதினவருக்குத்தான் தெரியேல்லையாம். சிட்னியில வசனத்தைச் சொல்லட்டாம்."

"பிறகென்ன? சந்தோசமாப் போ."

"இல்லையக்கா, இப்பத்தான் பயமாக் கிடக்கு. நான் வாய் திறந்த ஒரு இடத்தைப் பற்றியும் அந்தாள் நல்லா எழுதேல்லை."