இரண்டாவது வரம்பு

தே ஓ கொசோங் கேட்டேன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். சர்க்கரை போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரவாயில்லை, இன்ஸ்பெக்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்களைத் தேடுவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது.

எல்லாம் தன் தவறுதான் என்று நிவேதிதா உங்களிடம் அழுதிருப்பாள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவளைக் காப்பாற்ற அல்ல. தனக்குப் புரியாத ஒரு காரியத்துக்கு அவள் உரிமை கொண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் கம்பெனி, முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான இயந்திரம் செய்கிறது. காலை அதில் கட்டிவிட்டால் மெல்ல மெல்ல மடக்கும். வலி தாங்காதபோது நோயாளி கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். உள்ளே ஒரு சில்லு, சிப் என்பார்களே அது. அதில் ரெஜிஸ்டர் எனப்படும் சின்னச் சின்ன இடங்கள். ஓரிடத்தில் ஓர் எண்ணை எழுதினால் மோட்டார் ஓடும், இன்னோரிடத்தில் எழுதினால் நிற்கும். இவை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஓட்டுவதற்கானவை ஒரு முகவரி வரம்பில் இருந்தன. நிறுத்துவதற்கானவை வேறொரு வரம்பில். எந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று எழுதித் தருவது என் வேலை. அதைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது நிவேதிதாவின் வேலை.

வரம்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். வரிசையில் எத்தனையாவது என்று சொல்லியும் வாங்கலாம். அவள் இரண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீட்டின் பிளாக் நம்பரைச் சொல்லாமல், வரிசையில் இரண்டாவது கட்டடம் என்று டாக்சிக்காரரிடம் சொல்வதைப் போன்றது அது. நடுவில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால், யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நான் சொல்லாமல் இல்லை. எல்லோரும் இருந்த கூட்டத்தில், "பேர் சொல்லிக் கேளும்மா" என்றேன்.

"ரெண்டே ரெண்டு ரேஞ்சுதானே அங்கிள். ஓடுது லா" என்றாள்.

மேனேஜர் அப்துல் அலீம் சிரித்தார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. ஓடுகிறதாம். தெருநாயும்தான் ஓடுகிறது.

பிறகு இயந்திரத்துக்குப் புது சர்க்யூட் போர்டு வந்தது. அதில் வெப்பத்தை அளக்க மூன்றாவதாக ஒரு வரம்பு. அதன் முகவரி மற்ற இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. இப்படி வரும்போது புதியதைக் கடைசியில் சேர்ப்பது வழக்கம். பழைய மென்பொருள் குழம்பாது. அந்த வழக்கம் சோம்பேறிகளுக்காக ஏற்பட்டது. நான் முகவரி வரிசைப்படி அதை நடுவில் வைத்தேன். நிறுத்துவதற்கு அவள் கேட்கும் 'இரண்டாவது' இப்போது வெப்பமானி. நில் என்ற கட்டளையை அங்கே எழுதினால் சில்லு மறுப்பே சொல்லாது. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

எதையும் நான் மறைக்கவில்லை. வரம்புகளின் வரிசை ஆவணத்தில் தெளிவாக இருந்தது. அவளே வந்து, "புது போர்டுக்கு என் பக்கம் ஏதாச்சும் மாத்தணுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"டாக்குமென்ட் ஷேர்ட் ஃபோல்டர்ல இருக்கு. படிச்சுப் பாரும்மா."

படிப்பாளா? மரக்கால் பொம்மையைக் கட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மடங்கியது. மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நிறுத்தும் பொத்தானை அவள் தொடக்கூட இல்லை.

நான் தொட்டுப் பார்த்தேன். என் வேலையில் அரைகுறை கிடையாது. எல்லோரும் போன பிறகு அதே பொம்மையை வைத்து ஓட்டி, பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் நிற்கவில்லை. பொம்மையின் முழங்கால் கீல் இரண்டாக உடைந்தது. புதுக் கீல் பொருத்தி, தரையைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இயந்திரத்தைப் பார்க்க வந்தார்கள். பொம்மை உடைவதை அவர்கள் முன்னால் அவள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அலீம் அன்றைக்கென்று, "பொம்மை வேணாம். ஒரு ஆள உட்கார வைங்க, அப்பதான் நம்புவாங்க" என்றார்.

பட்டறையில் வேலை செய்யும் ரத்னவேல் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நானே உட்காருறேன் லா. என் காலு மாதிரி அழகான காலு இங்க யாருக்கு இருக்கு?"

அவருக்கும் எனக்கும் பகை எதுவும் இல்லை. மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் ஒன்றாகத் தோசை சாப்பிடுவோம். அவர் காலைக் கட்டியபோது நான் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் அங்கேயே ஒரு வரியைத் திருத்தியிருப்பாள். தேங்க்ஸ் அங்கிள் என்றிருப்பாள். மறுபடியும் அதே 'ஓடுது லா'தான்.

மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் தூணில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்பது அன்றைக்கு என் பொறுப்பு. நின்றேன்.

கால் மடங்கியது. ரத்னவேல் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "போதும்மா" என்றார்.

"பட்டனை அழுத்துங்கண்ணே" என்றாள் நிவேதிதா.

"அழுத்திட்டேம்மா. நிக்கல."

"திரும்ப அழுத்துங்க."

அதன்பிறகு அவரிடமிருந்து வந்தவை சொற்கள் அல்ல. அலீம் கட்டுகளை அவிழ்க்கப் பார்த்தார்; அவருக்கு அவற்றைக் கட்டவும் தெரியாது, அவிழ்க்கவும் தெரியாது. நிவேதிதா விசைப்பலகையில் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தவறினோம் என்று அவளுக்குப் புரிகிற கணம் முகத்தில் தெரியும் அல்லவா, அதற்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. அவ்வளவு சத்தத்திலும் அவளுக்கு எதுவும் புரியவில்லை.

கடைசியில், "அங்கிள், பவர்! பவர ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினாள்.

உடனே அழுத்தினேன்.

ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றார்கள். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். நிவேதிதா வேலையை விட்டாள், சாப்பிடுவதில்லையாம், தூங்குவதில்லையாம். விசாரணைக்கு வந்தவர்கள் 'மென்பொருள் கோளாறு' என்று எழுதப்போகிறார்களாம். கோளாறு எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர். நான் வைத்த வரம்பு, வைத்த இடத்தில் சரியாக இருந்தது. எழுதச் சொன்ன இடத்தில் சில்லு எழுதியது. என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும், அப்படியே நடந்தது. இதைப் போய் விபத்து என்று சொல்கிறார்கள்.

நேற்று ரத்னவேலைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். ரத்னவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் ஆஃப் பண்ணலன்னா என் உயிரே போயிருக்கும் அண்ணே" என்று அழுதார்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களிலேயே, எல்லாம் என் கையில்தான் இருந்தது என்று சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.